ஆத்தங்குடிக் கல்லின் நிறம் கெடாமல் டார்க் மோடு அமைத்தல்

ஆத்தங்குடிக் கல் (கையால் செய்யும் வண்ணத் தரைக்கல்) வணிகம் செய்யும் என் மாமாவுக்காகக் காரைக்குடியில் இருந்தபடி ஓர் இணையப் பக்கம் எழுதிக் கொடுத்தேன். கரும்பின்னணியில் வெளிர் எழுத்தைக் காட்டும் டார்க் மோடும் வேண்டும் என்று கேட்டபோது, பக்கம் முழுவதையும் தலைகீழ் நிறமாக்கும் இன்வெர்ட் ஃபில்டரை ஒரே வரியில் போட்டுவிட்டு எழுந்துவிட்டேன். மறுநாள் காலையிலேயே மாமா அழைத்தார்: "தம்பி, நம்ம மஞ்சக் கல்லு போன்ல நீலமாத் தெரியுதாம், பட்டறைக்கு வந்து நீலக் கல்லு கேக்குறாக." பக்கத்தின் நிறம் வேறு, சரக்கின் நிறம் வேறு என்பதை அன்றுதான் முறையாக யோசித்தேன்.

முதல் வேலை, நிறங்களுக்குப் பெயரிடுவது. பக்கத்தின் தோற்றத்தை எழுதும் சிஎஸ்எஸ்ஸில், ஒரு மதிப்பைப் பெயரிட்டு வைக்கும் மாறிகளுக்கு வெள்ளை, சிவப்பு என்று பெயர் வைத்தால், மோடு மாறியதும் வெள்ளை என்ற பெயருக்குள் கறுப்பு உட்கார்ந்திருக்கும். ஆகவே பின்னணி, எழுத்து, கோடு, பொத்தான் என்று அவை செய்யும் வேலையையே பெயராக வையுங்கள். இயல்பான மதிப்புகளை ரூட்டில் (பக்கம் முழுவதற்குமான தொகுதியில்) எழுதி, ஹெச்டிஎம்எல் உறுப்பின் டேட்டா-தீம் பண்பு டார்க் என்று இருக்கும்போது மட்டும் அதே பெயர்களுக்கு வேறு மதிப்புகள் கிடைக்குமாறு இன்னொரு தொகுதியை எழுதினால் போதும். மற்ற விதிகள் எதையும் தொட வேண்டியதில்லை. இரு தொகுதிகளிலும் கலர்-ஸ்கீம் பண்பைக் குறிப்பிட மறந்தால், உருள்பட்டையும் படிவப் பெட்டிகளும் பழைய வெளிச்சத்திலேயே நின்றுவிடும்.

மதிப்புகளைக் கண்ணால் மட்டும் தேர்ந்தெடுக்க வேண்டாம். செங்கல் சிவப்பில், அதாவது ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீலம்) 160, 50, 40 என்ற அளவில், நான் வைத்திருந்த இணைப்பு எழுத்து வெள்ளைப் பின்னணியில் ஏறத்தாழ 7:1 ஒளி வேறுபாடு காட்டியது. அதே சிவப்பு 18, 18, 18 என்ற கரும்பின்னணியில் 2.7:1 அளவுக்கே நின்றது. சாதாரண எழுத்துக்கு 4.5:1, பெரிய எழுத்துக்கு 3:1 என்பதே டபிள்யூசிஏஜி என்னும் இணைய அணுகல்தன்மை வழிகாட்டுதலின் இரட்டை ஏ நிலை கேட்கும் குறைந்தபட்சம். 232, 130, 115 என்று வெளுக்க வைத்த பிறகுதான் டார்க் மோடிலும் 7:1 கிடைத்தது.

அடுத்து, எந்த மோடு என்பதை யார் தீர்மானிப்பது? மாலை ஆறு மணியானால் தானாக மாற்றிவிடலாம் என்று நண்பர் ஒருவர் சொன்னார். செட்டிநாட்டு வீட்டில் நண்பகலிலும் வளவில் (திறந்த முற்றத்தில்) கண் கூசும், உள்ளறையில் விளக்குப் போட வேண்டியிருக்கும்; கடிகாரத்தை நம்பிப் பயனில்லை. லைட், டார்க், கருவியின் விருப்பம் என மூன்று தேர்வுகளை வைத்து, தேர்ந்ததை உலாவியின் சேமிப்பிடமான லோக்கல் ஸ்டோரேஜில் சேமியுங்கள். எதுவும் சேமிக்கப்படவில்லை என்றாலோ, கருவியின் விருப்பம் என்று இருந்தாலோ, மேட்ச்-மீடியா செயற்கூறிடம் பிரிஃபர்ஸ்-கலர்-ஸ்கீம் (கருவியில் விரும்பிய நிறமுறை) டார்க்தானா என்று கேட்டு, அதற்கேற்ப டேட்டா-தீம் பண்பை நிரப்ப வேண்டும். அதே வினவலின் சேஞ்ச் நிகழ்வையும் கவனித்தால், பயனர் போனின் அமைப்பை மாற்றிய உடனே பக்கமும் மாறும். ஆனால் அவர் தாமாக ஒரு மோடைத் தேர்ந்திருந்தால் அந்த நிகழ்வைப் பொருட்படுத்தக் கூடாது. சில உலாவி அமைப்புகளில் லோக்கல் ஸ்டோரேஜைத் தொட்டாலே பிழை எழும் என்பதால், அந்த வரியை, பிழை எழுந்தாலும் நிரல் நிற்காமல் காக்கும் ட்ரை-கேட்ச்சுக்குள் வைப்பது நல்லது.

இந்தச் சிறு நிரலைத் தனிக் கோப்பாக்கி டிஃபர் (பக்கத்தைப் படித்து முடித்த பிறகு ஓடு என்னும் குறிப்பு) போட்டு ஏற்றினால், டார்க் மோடில் இருப்பவருக்கு முதலில் வெள்ளைப் பக்கம் பளீரென்று தோன்றிப் பிறகே இருளும். ஆகவே ஹெட் பகுதிக்குள்ளேயே, பாடி தொடங்கும் முன் ஓடுமாறு நேரடியாக எழுதிவிடுங்கள். உலாவிப் பட்டையின் நிறத்துக்கான தீம்-கலர் மெட்டா குறியையும் அதே இடத்தில் மாற்றிக்கொள்ளலாம்.

மாமாவின் மஞ்சள் கல் விஷயத்துக்கு வருகிறேன். சரக்கின் படங்களுக்கு எந்த ஃபில்டரும் போடக் கூடாது என்பது வெளிப்படை. அதோடு, ஒரே மஞ்சள் வெள்ளையின் நடுவே மங்கலாகவும் கறுப்பின் நடுவே பளிச்சென்றும் கண்ணுக்குத் தெரியும். எனவே கல்லைச் சுற்றியுள்ள சட்டத்துக்கு மட்டும் மாறி எதையும் பயன்படுத்தாமல், இரு மோடுகளிலும் 128, 128, 128 என்ற ஒரே சாம்பல் நிறத்தை நிலையாக எழுதி வைத்தேன்.