குழந்தைகள் ஊர்வலத்துக்குள் கோஷத்தோடு போனால்: சில தவறுகள்

நவம்பர் நடுவில் ஒரு சனிக்கிழமை. நெதர்லாந்தில் ஏதாவது ஓர் ஊரின் படித்துறையில் நீராவிக் கப்பல் வந்து நிற்கும். சிவப்பு அங்கியும் வெள்ளைத் தாடியுமாகச் சிண்டர்கிளாஸ் என்கிற பரிசுத் தாத்தா இறங்குவார். ஸ்பெயினிலிருந்து வருகிறாராம். வெள்ளைக் குதிரையேறி ஊரைச் சுற்றுவார். அப்பாக்களின் தோளில் உட்கார்ந்து பார்க்கும் பிள்ளைகளுக்கு டிசம்பர் 5 ராத்திரி பரிசு வரப்போகிறது என்று அர்த்தம்.

சிக்கல் தாத்தாவிடம் இல்லை, கூட வரும் வேலைக்காரர்களிடம். முகமெல்லாம் கறுப்புச் சாயம், தடித்த சிவப்பு உதடு, சுருட்டைமுடி டோப்பா, காதில் வளையம். பெயர் ஸ்வார்ட்டே பீட், அதாவது கறுப்பு பீட். 1850இல் ஆம்ஸ்டர்டாம் பள்ளி ஆசிரியர் ஒருவர் எழுதிய குழந்தைகள் புத்தகத்தில் தாத்தாவுக்கு ஒரு கறுப்பு வேலைக்காரன் வந்து சேர்ந்தான். நெதர்லாந்து தன் காலனியான சுரினாமில் அடிமை முறையை ஒழித்தது 1863இல். எது முதலில் வந்தது என்று பாருங்கள்.

2011 நவம்பரில் டோர்ட்ரெக்ட் ஊருக்குக் கப்பல் வந்தபோது கறுப்பினக் கலைஞர்களான குயின்சி கரியோவும் ஜெர்ரி அஃப்ரியியும் 'ஸ்வார்ட்டே பீட் இனவாதம்' என்று எழுதிய டி-ஷர்ட் போட்டு நின்றார்கள். போலீஸ் அவர்களைப் பிடித்துத் தரையில் தள்ளிக் கைது செய்தது. அந்த வீடியோ நாடு முழுக்கப் பரவியது. பின்னால் 'கிக் அவுட் ஸ்வார்ட்டே பீட்', அதாவது கறுப்பு பீட்டை வெளியேற்று என்கிற இயக்கம் வளர்ந்தது. பண்டிகை ஊர்வலத்துக்குள் நீதிக் கோரிக்கையைக் கொண்டுபோக நினைக்கிறவர்களுக்கு இந்தப் பதினாலு வருடக் கதை ஒரு நல்ல பாடப்புத்தகம். இயக்கம் சரியாகச் செய்ததும் இதில் இருக்கிறது, அடிபட்டுக் கற்றதும் இருக்கிறது.

எல்லோரும் விழுகிற முதல் குழி, பண்டிகையையே எதிரியாக்கிக்கொள்வது. டச்சு இயக்கம் அப்படிச் சொல்லவில்லை. சிண்டர்கிளாஸ் இருக்கட்டும், சாயம் போகட்டும் என்றுதான் கேட்டது. ஆனால் எதிரே நின்ற கூட்டத்தின் காதில் 'நம் பிள்ளைகளின் விழாவைப் பிடுங்க வருகிறார்கள்' என்றுதான் விழுந்தது. 2013இல் பீட்டுக்கு ஆதரவாகத் திறந்த ஒரு ஃபேஸ்புக் பக்கம் சில நாளில் இருபது லட்சம் லைக் வாங்கியது அந்தப் பயத்தால்தான். நீங்கள் சொல்வது ஒன்று, ஊருக்குக் கேட்பது வேறொன்று என்பதை முதலிலேயே கணக்கில் எடுங்கள்.

இதற்கு மருந்து, அடுத்த வருடமே நிறைவேற்றக்கூடிய அளவில் கோரிக்கையை வைப்பது. பீட் புகைபோக்கி வழியாக வீட்டுக்குள் இறங்குகிறவன் என்பது டச்சுக்காரர்களே சொல்லும் கதை. அப்படியானால் கன்னத்தில் நாலு கரிக்கோடு போதுமே? உதடும் டோப்பாவும் எதற்கு? 'கரிக்கோட்டு பீட்' அந்தக் கதைக்குள்ளிருந்தே வந்த தீர்வு. பிள்ளைக்குப் பரிசு குறையவில்லை, மிட்டாய் குறையவில்லை. எதிர்த்தவருக்கும் மானம் போகாமல் பின்வாங்க ஒரு வழி கிடைத்தது. கோரிக்கை எழுதும்போது அந்த வழியைச் சேர்த்து எழுதாத இயக்கங்கள்தான் அதிகம்.

அப்புறம், பதாகை. பேண்டு வாத்தியம் முழங்குகிற தெருவில் பத்து வரி யாரும் படிக்கமாட்டார்கள். டோர்ட்ரெக்ட் டி-ஷர்ட்டில் இருந்தது டச்சில் நாலே வார்த்தை. பாலஸ்தீனம், பருவநிலை, வீட்டு வாடகை எல்லாவற்றையும் ஒரே அட்டையில் எழுதுகிறவர்களை நினைத்தால் எனக்குப் பரிதாபமாக இருக்கும்.

சட்ட விஷயத்தில் நடக்கும் குழப்பம் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டியது. நெதர்லாந்தில் ஆர்ப்பாட்டத்துக்கு முன்கூட்டியே நகராட்சிக்குத் தகவல் சொல்ல வேண்டும். அது அனுமதி கேட்பது ஆகாது. நீங்கள் என்ன சொல்லப்போகிறீர்கள் என்பதை வைத்து மேயர் தடுக்க முடியாது. சுகாதாரம், போக்குவரத்து, கலவரம் ஆகியவற்றைக் காட்டித்தான் கட்டுப்பாடு போடலாம். ஆனால் எந்த இடத்தில் நிற்கலாம் என்று குறித்துக்கொடுக்க அவரால் முடியும். சீஸுக்குப் பேர்போன ஹௌடாவில் 2014இல் 90 பேர் கைதானார்கள். குறித்த இடத்தை விட்டு ஊர்வலம் நடக்கும் சதுக்கத்தில் போராடியதுதான் அவர்களில் பலர்மீது இருந்த புகார். இடத்தைப் பற்றிய சண்டையை வாரக்கணக்கில் முன்னாலேயே போட வேண்டும். ஊர்வலத்தின் கண்ணுக்கும் காதுக்கும் எட்டுகிற இடம் தராவிட்டால் அப்போதே நீதிமன்றம் போகலாம். அன்றைக்குக் காலையில் கயிறு தாண்டி நியாயம் கேட்டால் செய்தியில் வருவது கயிறுதான்.

இன்னொரு சட்டத் தவறு, வழக்கு ஒன்றே எல்லாவற்றையும் முடித்துவிடும் என்று நம்புவது. ஆம்ஸ்டர்டாம் ஊர்வல அனுமதியை எதிர்த்துப் போட்ட வழக்கில், 2014 ஜூலையில் கீழ் நீதிமன்றம் மேயரை மறுபடி யோசிக்கச் சொன்னது. கொண்டாட்டம்தான். நவம்பரில் மேல்முறையீட்டில் அது கவிழ்ந்தது. மேயர் பொது ஒழுங்கை மட்டுமே பார்க்கலாம், ஊர்வலத்தின் உள்ளடக்கத்தைப் பார்க்க முடியாது என்று தீர்ப்பு. மேயர் உள்ளடக்கத்தில் கை வைக்கக் கூடாது என்பது உங்களைக் காக்கிற விதியும்தானே. அது எதிர்ப்பக்கத்தையும் காத்தது. பீட்டின் முகத்தை மாற்றியது கடைசியில் தொலைக்காட்சியும் பள்ளிக்கூடங்களும் கடைகளும். அந்தக் கதவுகளையும் தட்டியிருக்க வேண்டும்.

ஆபத்து ஊர்வலத் தெருவில் மட்டும்தான் என்று நினைப்பதும் தப்பு. 2017இல் டோக்கும் ஊருக்குப் பேருந்தில் போன போராட்டக்காரர்களை, பீட் ஆதரவாளர்கள் ஏ7 நெடுஞ்சாலையிலேயே வண்டிகளைக் குறுக்கே விட்டு நிறுத்தினார்கள். மேயர் கடைசி நேரத்தில் ஆர்ப்பாட்டத்தைத் தடை செய்தார். சாலையை மறித்தவர்களில் 34 பேரை அடுத்த வருடம் நீதிமன்றம் குற்றவாளிகள் என்றது. 2022இல் ஸ்டாப்ஹோர்ஸ்ட் போகும் வழியில் கார்களையே தாக்கினார்கள். கவனிக்க வந்த அம்னஸ்டி மனித உரிமை அமைப்பின் ஆட்களும் மாட்டிக்கொண்டார்கள், ஆர்ப்பாட்டம் நடக்கவே இல்லை. போகும் பாதை, திரும்பும் பாதை, வக்கீல் எண்ணைக் கையில் பேனாவால் எழுதிக்கொள்வது, யார் வீட்டில் இருந்து போன் எடுப்பது: கோஷம் யோசிப்பதற்கு முன்னால் இதெல்லாம் தீர்மானமாக வேண்டும். திருப்பி அடிக்காமல் நிற்கப் பழக வேண்டும் என்பதும் இதில் சேர்த்தி. 2018இல் ஐந்தோவனில் கால்பந்து ரவுடிகள் போராட்டக்காரர்கள்மீது முட்டையும் பீர் கேனும் எறிந்தார்கள். குழந்தைகள் விழாவில் வளர்ந்த ஆம்பிளைகள் முட்டை எறிந்தால் விழாவைக் கெடுப்பது யார் என்று ஊருக்கே தெரிந்துவிடுகிறது. அதற்கு மேல் நீங்கள் பேச வேண்டியதில்லை.

ஒரு சின்ன விஷயம். சிண்டர்கிளாஸ் நிஜமில்லை என்று சிறு பிள்ளைகள் காதில் விழும்படி கத்தாதீர்கள். நாடே சேர்ந்து காக்கிற ரகசியம் அது. அதை உடைத்தவனை எந்தத் தாயும் மன்னிக்கமாட்டாள்.

அன்றைய கூச்சலை வைத்து வெற்றி தோல்வி கணக்குப் போடுவதுதான் பலரைச் சோர்ந்து வீட்டில் உட்காரவைக்கிறது. 2011, 2014, 2016, 2017, எந்த வருடத்தை எடுத்தாலும் அன்று மாலைக் கணக்கில் போராட்டம் தோற்றுத்தான் போயிருந்தது. ஆனால் 2019இல் ஆப்பல்டோர்னில் நடந்த தேசிய ஊர்வலத்தில் பீட்டுகள் கரிக்கோட்டோடு வந்தார்கள். 2020 ஜூனில், ஜார்ஜ் ஃப்ளாய்ட் கொலைக்குப் பிறகான விவாதத்தில், பிரதமர் மார்க் ருட்டே தன் பார்வை மாறிவிட்டதாக நாடாளுமன்றத்தில் சொன்னார். அதற்கு முன்பு கறுப்பு பீட் கறுப்புதான், என்ன செய்ய என்கிற மாதிரி பேசிவந்தவர் அவர். அரசு தடையெல்லாம் போடாது என்பதில் மட்டும் மாறவில்லை.

அவர் சொன்ன காரணம்தான் முக்கியம். பீட்டால் ஒதுக்கப்பட்டதாக உணர்கிற கறுப்புநிறக் குழந்தைகளைத் தான் சந்தித்ததாகச் சொன்னார். போராட்டத்தை எதிர்த்தவர்கள் பத்து வருடமாகக் கையில் வைத்திருந்த ஆயுதமும் 'குழந்தைகள்' என்ற சொல்தான். நவம்பர் வந்தாலே பள்ளியில் 'ஏய் பீட்' என்று கூப்பிடப்படுகிற பிள்ளையும் அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது என்பதை இன்னும் முன்னாலேயே, இன்னும் சத்தமாகச் சொல்லியிருக்கலாமோ என்று எனக்குத் தோன்றும். 2025 டிசம்பர் 5உடன் இயக்கத்தைக் கலைத்துவிடுவதாகப் போராட்டக்காரர்களே அறிவித்தார்கள். சில ஊர்களில் மட்டும் பழைய கறுப்புச் சாயம் இன்னும் விற்றுக்கொண்டிருந்தது.