வங்கியல்லாதோரின் குறுகிய காலப் பன்னாட்டுக் கடன் பத்திரங்கள்: இந்தியாவையும் பிரேசிலையும் ஒப்பிடும் முறை

இரு நாட்டு எண்களை அருகருகே வைக்கும் முன், அவை யாருடைய கடனை, எந்தக் காலக் கணக்கில் குறிக்கின்றன என்பதை உறுதிசெய்துகொள்ள வேண்டும். இதற்கான அடிப்படைத் தரவை பாசல் நகரிலுள்ள பன்னாட்டுத் தீர்வு வங்கி காலாண்டுதோறும் வெளியிடுகிறது. 2012இல் அது திருத்திய வரையறைப்படி, கடன் வாங்குபவரின் உள்நாட்டுச் சந்தைக்கு வெளியே வெளியிடப்படும் பத்திரமே பன்னாட்டுப் பத்திரமாகும். அப்பத்திரத்தை வாங்கிய முதலீட்டாளர் எந்நாட்டவர் என்பது கணக்கில் வராது. ஆகவே, மும்பைச் சந்தையில் வெளியான ரூபாய்ப் பத்திரத்தை வெளிநாட்டவர் வைத்திருந்தாலும் அது இங்கே சேராது.

‘வங்கியல்லாதோர்’ என்றதும் நமக்கு நினைவுக்கு வரும் வங்கிசாரா நிதி நிறுவனங்கள் இதில் ஒரு பகுதி மட்டுமே. தொழில் நிறுவனங்களும் இதில் அடங்கும். அரசும் சேர்க்கப்பட்டுள்ளதா என்பதை அட்டவணையின் துறைப் பிரிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். பிரேசில் அரசு வெளிநாட்டில் டாலர் பத்திரங்களை வழக்கமாக வெளியிடுகிறது. 2019 நிதிநிலை அறிக்கையில் பேசப்பட்ட பின்னும் இந்திய மத்திய அரசு அவ்வழியில் இறங்கவில்லை. அரசைப் பிரிக்காமல் ஒப்பிட்டால் நிறுவனங்களின் நிலை தெரியாது.

அதிகம் பிழை நேரும் இடம், கடனை எந்த நாட்டின் பெயரில் எழுதுவது என்பதே. வெளியிடும் நிறுவனம் பதிவான நாட்டைக் கொண்டு எண்ணுவது ஒரு முறை. அதன் தாய் நிறுவனத்தின் நாட்டைக் கொண்டு எண்ணுவது மற்றொன்று. பிரேசிலின் எண்ணெய் நிறுவனமான பெட்ரோப்ராஸ் நெதர்லாந்தில் பதிவான தன் துணை நிறுவனத்தின் வழியாக வெளியிட்ட பத்திரங்கள் முதல் கணக்கில் நெதர்லாந்திலும் இரண்டாம் கணக்கில் பிரேசிலிலும் வரும். டாட்டா குழுமத்தைச் சேர்ந்த பிரிட்டன் கார் நிறுவனம் ஜாகுவார் லேண்ட் ரோவரின் பத்திரங்களும் அப்படியே பிரிட்டனுக்கும் இந்தியாவுக்கும் இடையே இடம் மாறும். கடனைத் தாங்கி நிற்பவர் யார் என்று அறிய விரும்பினால் இரண்டாம் கணக்கே பொருத்தமானது என்பது என் கருத்து.

அடுத்தது காலம். தொடக்க முதிர்வுப்படி, வெளியிடும்போதே ஓராண்டுக்குள் முடிவதாக அமைந்த வணிகத் தாள் (நிறுவனங்கள் குறுகிய காலத்துக்கு வெளியிடும் கடன் பத்திரம்) போன்றவை மட்டுமே குறுகிய காலத்தவை. எஞ்சிய முதிர்வுப்படி, அதாவது மீதமுள்ள காலத்தைக் கொண்டு பார்த்தால், பத்தாண்டுப் பத்திரமும் தன் இறுதி ஆண்டில் இதில் சேர்ந்துவிடும். ரிசர்வ் வங்கியின் 2019 விதிகள் வெளிநாட்டு வணிகக் கடனுக்குப் பொதுவாகக் குறைந்தது 3 ஆண்டுச் சராசரி முதிர்வைக் கோரியதால், இந்தியாவில் பதிவான நிறுவனங்களுக்கு முதல் அளவுகோல் சிறிய எண்ணையே காட்டும். அதைப் பாதுகாப்பின் அடையாளமாகக் கொள்ளாமல், எஞ்சிய முதிர்வையும் சேர்த்துப் பாருங்கள்.

நிலுவைத் தொகை டாலரில் தரப்படுவதால், 100 கோடி யூரோ கடன், யூரோவின் மதிப்பு 1.10 டாலரிலிருந்து 1.05 டாலராக இறங்கும்போது 5 கோடி டாலர் குறைந்ததுபோல் தோன்றும். கடன் அடைந்ததா என்பதை நிகர வெளியீட்டு (புதிதாக வெளியிட்டதிலிருந்து திருப்பிச் செலுத்தியதைக் கழித்த தொகை) வரிசையில் சரிபார்க்க வேண்டும். பிறகு இரு நாடுகளுக்கும் ஒரே காலாண்டு முடிவை எடுத்து, எஞ்சிய முதிர்வு நிலுவையை அந்நியச் செலாவணிக் கையிருப்பால் வகுக்கலாம். ஆனால் அக்கையிருப்பு மத்திய வங்கியின் கையில் இருக்கிறது, கடனோ நிறுவனங்களுடையது. எனவே அந்நிறுவனங்களுக்கு ஏற்றுமதியால் டாலர் வருமானம் உண்டா என்பதை அவற்றின் ஆண்டறிக்கைகளில் தனியே பார்த்து, விகிதத்தின் அருகில் குறித்துக்கொள்ளுங்கள்.