புதிய மீனுக்குத் தனித்தொட்டி: பர்மா வீடுகளுக்கான வழிமுறை

உலகெங்கும் மீன்பிரியர்கள் தேடி வாங்கும் சிறு மீன்களில் பல, பர்மாவின் நீர்நிலைகளில் பிறந்தவை. கேலக்ஸி ரஸ்போரா என்று வணிகர்கள் அழைக்கும் டானியோ மார்கரிடாடஸ், 2006ஆம் ஆண்டில் ஷான் மாநிலத்து ஹோபோனுக்கு அருகே ஆழமற்ற குட்டைகளில் கண்டறியப்பட்டது. செதிலே இல்லாத சவ்புவா ரெஸ்பிளெண்டென்ஸ் என்னும் மீனுக்கு இன்லே ஏரிதான் தாயகம். இத்தகைய மீன்கள் ஓர் இரவுப் பேருந்துப் பயணத்தில் யாங்கோனை வந்தடைவதால், விமானத்தில் வந்த மீனுக்குத்தான் தனித்தொட்டி வேண்டும், உள்ளூர் மீனுக்கு எதற்கு என்று நம்மவர்களில் பலர் எண்ணிவிடுகிறார்கள். பயணம் குறுகினால் மீனின் களைப்புக் குறையும். செவுளிலும் குடலிலும் அது சுமந்து வரும் ஒட்டுண்ணிகள் குறைவதில்லை. பண்ணைத் தொட்டியில் வளர்ந்த மீனைவிட ஏரியிலும் வயல் வாய்க்காலிலும் பிடித்த மீனுக்குத்தான் புழுக்கள் இருக்கும் வாய்ப்பு மிகுதி. ஆகையால் பண்ணை மீனை நான்கு வாரமும், இயற்கை நீர்நிலையில் பிடித்த மீனை ஆறு வாரமும் தனியே வைத்துப் பார்த்த பிறகே பெரிய தொட்டியில் சேர்ப்பது என்று முடிவு செய்துகொள்ளுங்கள்.

இந்த வாரக் கணக்கு மனம்போன போக்கில் வைத்ததன்று. வெள்ளைப்புள்ளி நோயை உண்டாக்கும் ஒட்டுண்ணி மீனின் தோலுக்கடியில் புகுந்து வளர்ந்து, முற்றியதும் கீழே உதிர்ந்து, தொட்டியின் அடியில் கூடு கட்டிக்கொண்டு நூற்றுக்கணக்கான குஞ்சுகளாகப் பிளந்து, மறுபடியும் மீனைத் தேடி நீந்துகிறது. நீரின் வெப்பம் 25 பாகை செல்சியஸ் இருந்தால் இந்தச் சுழற்சி ஏறக்குறைய ஒரு வாரத்திற்குள் முடிந்துவிடும். நீர் குளிர்ந்தால் வாரக்கணக்கில் நீளும். முதல் சுழற்சியில் ஒட்டுண்ணி செவுளில் மட்டும் இருந்து, உடலில் ஒரு புள்ளிகூடத் தெரியாமல் போகலாம். இரண்டு மூன்று சுழற்சிகள் கழிந்த பின்னரே நோய் இல்லை என்று ஓரளவு உறுதியாகச் சொல்ல முடியும். மேமியோ, டாங்ஜி போன்ற மலையூர்களில் குளிர்காலத்தில் மீன் வாங்குவோர், ஹீட்டர் வைக்கவில்லை என்றால், இன்னும் இரண்டு மூன்று வாரங்களைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

தனித்தொட்டி அழகாக இருக்க வேண்டியதில்லை. 60 செ.மீ. நீளமும் 30 செ.மீ. அகலமும் 30 செ.மீ. உயரமும் உள்ள கண்ணாடித் தொட்டியில் 25 செ.மீ. உயரத்துக்கு நீர் ஊற்றினால் ஏறக்குறைய 45 லிட்டர் கொள்ளும். ஒரு டஜன் சிறு மீன்களுக்கு இது போதும். கடல் மீன் வரும் தெர்மோகோல் பெட்டியைப் பயன்படுத்துவோரும் உண்டு. அது மலிவானது, வெப்பத்தையும் நன்றாகக் காக்கும். ஆனால் மீனைப் பக்கவாட்டில் பார்க்க முடியாது. பார்ப்பதற்காகவே வைக்கும் தொட்டியில் பார்வையை இழப்பது எனக்கு ஏற்புடையதாக இல்லை. கண்ணாடித் தொட்டியின் மூன்று பக்கங்களிலும் வெளிப்புறமாகக் கறுப்புத் தாள் ஒட்டினால் மீனின் மிரட்சி தணியும். அடியில் மணலோ கூழாங்கல்லோ போடாதீர்கள்: உதிர்ந்த ஒட்டுண்ணியும் கழிவும் அதில் ஒளிந்துகொள்ளும், எச்சத்தின் நிறத்தையும் பார்க்க முடியாது. ஒளிந்துகொள்ள இரண்டு மூன்று பிளாஸ்டிக் குழாய்த் துண்டுகளும், மேலே இறுக்கமான மூடியும் போதுமானவை. கைவலை, வாளி, நீர் உறிஞ்சும் குழாய் ஆகியவற்றை இத்தொட்டிக்கென்று தனியாக வாங்கி, வேறு நிறத்தில் வைத்துக்கொள்வது நல்லது. வீட்டில் வேறு யார் வேலை செய்தாலும் மாறிப் போகாது.

தொட்டியை வைக்கும் இடத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். யாங்கோனின் நீண்டு ஒடுங்கிய அடுக்குமாடி வீடுகளில் காலியாக இருக்கும் மூலை பெரும்பாலும் சாமி அறைக்கு அருகில் இருக்கும். காற்று பம்பு அறையின் காற்றை உறிஞ்சி நீருக்குள் செலுத்துவதால், வெள்ளிக்கிழமை சாம்பிராணிப் புகையும் அந்த நீருக்குள் போய்விடும். அதைவிடப் பெருங்கேடு கொசுவத்தியும் கொசு மருந்துத் தெளிப்பானும்: அவற்றிலுள்ள பைரித்ராய்டு வகை நஞ்சு மனிதருக்குச் சிறிதளவே தொல்லை தந்தாலும் மீனைக் கொன்றுவிடும். மழைக்காலத்தில் கொசுவத்தி இல்லாமல் முடியாது என்றால், பம்பை வேறு அறையில் வைத்து, காற்றுக் குழாயை மட்டும் நீட்டிக்கொள்ளுங்கள்.

வடிகட்டிக்கு ஸ்பாஞ்சு ஃபில்டரே சிறந்தது. ஆனால் புதிய ஸ்பாஞ்சில், மீனின் கழிவிலிருந்து வரும் அமோனியா நஞ்சை மாற்றும் பாக்டீரியா இருக்காது என்பதால், மீன் வாங்குவதற்கு நான்கு வாரங்களுக்கு முன்பே அதைப் பெரிய தொட்டியில் ஓடவிட்டுப் பழுக்க வைக்க வேண்டும். பெரிய தொட்டியில் எப்போதும் ஓர் உபரி ஸ்பாஞ்சு ஓடிக்கொண்டிருந்தால், திடீரென்று நல்ல மீன் கண்ணில் பட்டாலும் கலங்க வேண்டியதில்லை. மின்சாரம் சுழற்சி முறையில் வந்து போகும் நம் நகரங்களில் இந்த எளிய ஃபில்டருக்கு இன்னொரு மேன்மையும் உண்டு. மூடிய கேனிஸ்டர் ஃபில்டருக்குள் நீரோட்டம் பல மணிநேரம் நின்றால் பாக்டீரியா மூச்சுத்திணறி இறந்து, மின்சாரம் திரும்பியதும் அழுகிய நீர் தொட்டிக்குள் பாயும். திறந்த நீரில் நிற்கும் ஸ்பாஞ்சு அவ்வளவு விரைவில் கெடாது. ஆயினும் காற்று நிற்கக் கூடாது என்பதால், மின்கலத்தில் இயங்கும் சிறு காற்று பம்பு ஒன்றை எப்போதும் மின்னேற்றி வைத்திருங்கள்.

எந்தக் காலத்தில் வாங்குவது என்பதும் முக்கியம். ஏப்ரலில் யாங்கோனின் பகல் வெப்பம் 37 பாகையைத் தொடும். இன்லே ஏரி, ஹோபோன் பகுதியின் மீன்களோ 22 முதல் 24 பாகை வரையுள்ள நீரில் வாழ்ந்து பழகியவை. போதாக்குறைக்குத் திஞ்சான் என்னும் பர்மியப் புத்தாண்டு விடுமுறையில் மருந்துக்கடைகளும் மீன்கடைகளும் மூடிக்கிடக்கும். தைப்பூசத்துக்குக் குடும்பத்தோடு ஊருக்குப் போகும் வாரத்திலும் வாங்காதீர்கள். முதல் பத்து நாள்கள் காலையும் மாலையும் வீட்டில் ஓர் ஆள் இருந்து பார்க்க வேண்டும்.

இனி நீர். குழாய் நீரில் குளோரின் இருந்தால், திறந்த வாளியில் ஒரு நாள் வைத்துக் காற்றோட்டம் கொடுத்தால் போய்விடும். குளோராமின் அப்படிப் போகாது, அதற்குச் சோடியம் தயோசல்பேட்டு கலந்த நீர்ச்சீராக்கி தேவை. ஆழ்குழாய்க் கிணற்று நீர் சிறிது நேரத்தில் செம்மஞ்சளாக மாறினால் அதில் இரும்பு மிகுதி என்று பொருள். நன்கு காற்றூட்டி, தெளியவைத்து, மேல்நீரை மட்டும் எடுங்கள். மழைநீர் மிக மென்மையானது, இன்லே ஏரி நீரோ காரத்தன்மையும் கடினத்தன்மையும் கொண்டது. ஆகையால் அந்த ஏரி மீன்களுக்கு மழைநீரை மட்டும் நிரப்புவது தவறு. விற்பவரிடம் மீனைக் கேட்பதற்கு முன், அவருடைய தொட்டி நீரின் பி.எச். அளவையும் கடினத்தன்மையையும் கேட்டு, அதற்கு ஏற்றவாறு உங்கள் தனித்தொட்டியின் நீரை முன்கூட்டியே அமைத்துக்கொள்ளுங்கள். நம் பெரிய தொட்டியின் நீருக்கு மீனைப் பழக்கும் வேலை பிந்தைய வாரங்களுக்கு உரியது.

இவ்வாறு முன்பே பொருத்தி வைப்பதற்கு ஒரு காரணம் உண்டு. அடைத்த பையில் மீன் விடும் கரியமில வாயு நீரின் பி.எச். அளவைக் குறைத்துவிடுவதால், சேர்ந்திருக்கும் அமோனியா பெரிதும் தீங்கற்ற வடிவத்தில் இருக்கும். பையைத் திறந்தவுடன் வாயு வெளியேறி, பி.எச். ஏறி, அதே அமோனியா நஞ்சாக மாறுகிறது. ஒரு இரவு முழுவதும் பையில் வந்த மீனை, திறந்த பையிலேயே வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் சொட்டுச் சொட்டாகப் புதுநீர் விடுவது, அன்போடு செய்யப்படும் கொடுமை. விளக்கை அணைத்துவிட்டு, மூடிய பையை 15 அல்லது 20 நிமிடம் தொட்டி நீரில் மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமன்செய்யுங்கள். பிறகு பையைத் திறந்து, தாமதிக்காமல் மீன்களைக் கைவலையில் எடுத்துத் தொட்டியில் விடுங்கள். பை நீரைச் சாக்கடையில் கொட்டிவிடலாம். அன்று உணவு வேண்டாம்.

மறுநாள் சிறிதளவு உணவு கொடுத்துப் பாருங்கள். இயற்கையில் பிடித்த மீனுக்குக் குறுணை உணவு உணவென்றே தெரியாது. ஆர்ட்டீமியா குஞ்சுகள், டாஃப்னியா போன்ற சிறு உயிருணவுகளில் தொடங்கி, வாரங்கள் செல்லச் செல்ல உலர்ந்த உணவைப் பொடித்துக் கலந்து பழக்க வேண்டும். இரண்டு சென்டிமீட்டரைத் தாண்டாத கேலக்ஸி ரஸ்போரா பெரிய மீன்களோடு போட்டியிட்டுத் தின்னாது என்பதால், இந்த வாரங்களில் அது தேறிக்கொள்வதே தனித்தொட்டியின் பாதிப் பயன் என்பது என் கருத்து. தின்னாமல் மிஞ்சியதை அரைமணி நேரத்தில் உறிஞ்சி எடுத்துவிடுங்கள். முதல் வாரத்தில் அமோனியாவையும் அதிலிருந்து உண்டாகும் நைட்ரைட்டையும் நாள்தோறும் சோதித்து, எது தென்பட்டாலும் 10 லிட்டர் நீரை மாற்றுங்கள்.

நோயைக் கண்டறிவது பழகிய கண்ணின் வேலை. பழக்கம் நாள்தோறும் ஒரே நேரத்தில், உணவு போடுவதற்கு முன்பு, ஐந்து நிமிடம் அசையாமல் பார்ப்பதால் வரும். செவுள் ஒரு பக்கம் மட்டும் அசைகிறதா, மூச்சு வேகமாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்: செவுள் புழு இருந்தால் இப்படித்தான் தொடங்கும். உடலைக் குழாய்த் துண்டில் உரசிக்கொள்வது, துடுப்புகளை ஒடுக்கிக்கொள்வது, கூட்டத்தைவிட்டு ஒதுங்கி நிற்பது ஆகியவை அடுத்த அறிகுறிகள். வெண்மையான நூல்போன்ற எச்சம் தொடர்ந்து வந்தால் குடல் ஒட்டுண்ணி இருக்கலாம். ஆசனவாயிலிருந்து சிவந்த நூல்கள் நீட்டிக்கொண்டிருந்தால் அது கமல்லானஸ் புழு. நங்கூரப் புழுவும் மீன் பேனும் வெறுங்கண்ணுக்கே தெரியும். நன்றாகத் தின்றும் முதுகு மெலிந்து போகும் மீன்களில், குறிப்பாகத் தென்பர்மாவிலிருந்து வரும் போட்டியா குபோட்டாய் போன்ற அயிரை இனங்களில், உட்புழுக்களை ஐயுறுங்கள். முதுகிலும் வாயிலும் பஞ்சுபோல் படியும் வெண்திட்டைப் பலர் பூஞ்சை என்று எண்ணுகிறார்கள். அது பெரும்பாலும் காலம்னாரிஸ் என்னும் பாக்டீரியா நோய். இதை வெள்ளைப்புள்ளி என்று தவறாகக் கருதி நீரைச் சூடாக்கினால் நோய் இன்னும் விரைவாகப் பரவும். புண்கள் தோன்றினால் மீனைத் தொடும்போது கையுறை அணியுங்கள். மீன்களுக்குக் காசநோய் தரும் மைக்கோபாக்டீரியம் மாரினம், விரலில் உள்ள சிறு கீறல் வழியாக நம்முள்ளும் புகுந்து ஆறாத கட்டிகளை உண்டாக்கும்.

மீன் வந்த அன்றே எல்லா மருந்தையும் ஊற்றிவிடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. இதில் எனக்கு உடன்பாடில்லை. களைத்து வந்த மீனுக்கு மருந்தே ஒரு சுமை; அதோடு, அறிகுறி அரைகுறையாக அடங்கிவிட்டால் பார்ப்பதற்கென்று வைத்த வாரங்கள் வீணாகிவிடும். நோய் தெரிந்த பின் அதற்குரிய ஒரே மருந்தை முழு அளவில், முழுக் காலமும் கொடுப்பதே முறை. வெள்ளைப்புள்ளிக்கு நம் சூழலில் முதல் மருந்து அயோடின் சேர்க்காத கல்லுப்பு. லிட்டருக்கு 2 கிராம் என்ற கணக்கில் 45 லிட்டருக்கு 90 கிராமைக் கரைத்து, ஒன்றரை நாளில் மூன்று தவணையாகச் சேர்த்து, கடைசிப் புள்ளி மறைந்த பிறகும் பத்து நாள் அப்படியே வைத்திருங்கள். உப்பு ஆவியாவதில்லை, ஆகவே ஆவியான நீருக்கு ஈடாக நன்னீரை மட்டும் ஊற்றுங்கள். 10 லிட்டர் நீரை எடுத்து மாற்றும்போதுதான் 20 கிராம் உப்பைச் சேர்க்க வேண்டும். கடையில் வீசைக் கணக்கில் வாங்கினாலும், ஒரு பர்மிய வீசை ஏறக்குறைய 1.63 கிலோ என்பதை நினைவில் கொண்டு, தொட்டிக்குப் போடுவதைத் தராசில் கிராமாக நிறுங்கள். வெப்பமண்டலத் தாழ்நில மீன்களுக்கு நீரை 30 பாகைக்கு உயர்த்துவது உதவும். ஷான் மலைநாட்டு மீன்களுக்கு அதைச் செய்யாதீர்கள். மாலகைட் கிரீன், ஃபார்மலின் போன்றவை செதிலற்ற சவ்புவாவுக்கும் அயிரைகளுக்கும் கடுமையானவை என்பதால், பயன்படுத்தியே ஆக வேண்டுமானால் பாதியளவே கொடுக்க வேண்டும்.

செவுள் புழுவுக்கும் நாடாப்புழுவுக்கும் பிராசிகுவாண்டெல் லிட்டருக்கு 2 மில்லிகிராமும், கமல்லானஸுக்கு லெவாமிசோல் அதே அளவில் 24 மணிநேரமும் கொடுப்பது வழக்கம். கால்நடை மருந்துகளில் மருந்தல்லாத நிரப்புப் பொருள் பலவாறு இருப்பதால், பொட்டலத்தின் எடையை விட்டுவிட்டு, உள்ளே உள்ள மூலமருந்தின் அளவைக் கணக்கிடுங்கள். ஐயம் இருந்தால் கால்நடை மருத்துவரைக் கேளுங்கள். லெவாமிசோல் ஒளியில் சிதைவதால் தொட்டியை மூடிவையுங்கள். அது புழுவைக் கொல்லாமல் செயலிழக்கச் செய்கிறது; மறுநாளே அடிநீரை உறிஞ்சி எடுக்காவிட்டால் உதிர்ந்த புழுவை மீன் மறுபடியும் தின்னக்கூடும். இரண்டு மூன்று வாரம் கழித்து மறுமுறை கொடுக்க வேண்டும். மருந்துக்கடையில் எளிதாகக் கிடைக்கிறதென்று டெட்ராசைக்ளின் குளிகையை உடைத்துப் போடுவதை மட்டும் விட்டுவிடுங்கள். ஸ்பாஞ்சின் பாக்டீரியாவும் சேர்ந்தே அழியும்.

எந்த மருந்து கொடுத்தாலும், குணமான நாளிலிருந்து மீண்டும் நான்கு வாரத்தை எண்ணத் தொடங்குங்கள். கடைசிப் பத்து நாளில், நீர் மாற்றும்போதெல்லாம் பெரிய தொட்டியின் நீரைத் தனித்தொட்டிக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிவாருங்கள். இதனால் புதிய மீன் அந்த நீருக்குப் பழகும். பழைய மீன்கள் தாங்கிப் பழகிய கிருமி புதியதைத் தாக்குமானால் அதுவும் இங்கேயே வெளிப்படும். எதிர்த்திசையில் ஒரு சொட்டு நீரும் போகக் கூடாது. உப்பு போட்டிருந்தால் அதையும் இந்த நாள்களில் நீர் மாற்றியே குறைத்துவிடலாம். மாற்றும் நாளில் பழைய மீன்களுக்கு வயிறாரக் கொடுத்து, மாலையில் விளக்கை அணைத்து, அலங்காரக் கற்களை இடம் மாற்றிவிட்டுப் புதிய மீன்களை விடுங்கள். எல்லைச் சண்டை குறையும்.

பின்பு தனித்தொட்டியையும் கைவலையையும் ஒரு பங்கு சலவைக் குளோரினுக்கு இருபது பங்கு நீர் கலந்த கரைசலில் ஊறவைத்து, நன்கு அலசி, வெயிலில் முழுமையாகக் காயவையுங்கள். நோய் இல்லாமல் முடிந்திருந்தால் ஸ்பாஞ்சைப் பெரிய தொட்டிக்கே திருப்பி அனுப்பலாம்; மருந்து போட்டிருந்தாலோ காசநோய் ஐயம் இருந்தாலோ எறிந்துவிடுங்கள். தேறாத மீனை யாங்கோனின் இன்யா ஏரியிலோ கண்டோஜி ஏரியிலோ தெருக் கால்வாயிலோ விட வேண்டாம். புதிய நீர்ச்செடிகளையும் நத்தைகளையும்கூட மீன் இல்லாத நீரில் நான்கு வாரம் வைத்த பிறகே சேருங்கள். முதல் தொகுதி மீன் தனித்தொட்டியில் இருக்கும்போதே இரண்டாம் தொகுதி வந்து சேர்ந்தால், எல்லாவற்றுக்கும் நாள் கணக்கு அன்றிலிருந்து புதிதாகத் தொடங்கும்.