பறக்கும்போது திரையைத் தொடாமல் வழிகாட்டியை இயக்க

கையுறை போட்ட விரல், குலுங்கும் காக்பிட், கண் கூசும் வெயில். கிளைடர் எனும் எஞ்சின் இல்லாத விமானத்திலோ, பாராசூட் போன்ற பாராகிளைடரிலோ தொடுதிரை படுத்தும் பாடு பறப்பவர்களுக்குத் தெரியும். வரைபடத்தைப் பெரிதாக்கப் போனால் வேறு ஏதோ மெனு திறந்துகொள்ளும்.

எக்ஸ்.சி.சோர் (XCSoar) போன்ற, பறக்கும்போது வழிகாட்டும் செயலியை ஆண்ட்ராய்டு போனில் ஓட்டுகிறீர்களா? உள்ளங்கை அளவு புளூடூத் கீபோர்டு ஒன்றை இணைத்துப் பாருங்கள். மேல், கீழ் அம்புக்குறிகள், என்டர், எஸ்கேப், இவை இருந்தாலே பெரும்பாலான வேலை முடிந்துவிடும். எந்த விசை எதைச் செய்ய வேண்டும் என்பதைச் சாதாரண உரைக் கோப்பு ஒன்றில் எழுதி மாற்றிக்கொள்ளும் வசதியும் எக்ஸ்.சி.சோரில் உண்டு. அடிக்கடி தேவைப்படும் நாலைந்து விசைகளை மட்டும் மாற்றுங்கள், அதற்கு மேல் போனால் காற்றில் நினைவிருக்காது. அந்த விசைகள் மேல் சின்னப் புடைப்பு ஸ்டிக்கர் ஒட்டினால் பார்க்காமலே தடவிக் கண்டுபிடிக்கலாம். பார்வை வெளியே வானத்தில் இருக்கும்.

போனை ஏரோபிளேன் மோடில் போட்டால் புளூடூத்தும் அணைந்துவிடலாம். அதைத் தனியாக ஆன் செய்யுங்கள். சும்மா இருந்தால் கீபோர்டு தூங்கிவிடும், அதனால் முதல் அழுத்தல் வீணாகலாம். அப்புறம், கீபோர்டைத் தொடையில் வெல்க்ரோ பட்டையால் கட்டி, ஒரு கயிறும் போடுங்கள். கழன்று விழுந்து, கிளைடரில் காலால் இயக்கும் ரடர் பெடலுக்கு அடியில் சிக்கினால் ஆபத்து. இணைப்பு, சோதனை எல்லாம் தரையிலேயே.