ஆப்ஷனில் இருப்பதெல்லாம் விடையாகாது

"சார், என் விடை ஆப்ஷன்லயே இருக்கே, அப்புறம் எப்படித் தப்பாகும்?"

சனிக்கிழமை காலைகளில் ஏழு, எட்டு, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளோடு போட்டிக் கணக்குப் போட உட்காரும் எனக்கு, மாதம் ஒரு முறையாவது இந்தக் கேள்வி வந்துவிடும். கடைசியாக வந்தது இந்தக் கணக்கில்: ஈரிலக்க எண்களில் 7 என்ற இலக்கம் இடம்பெறுபவை எத்தனை? பையன் பிடித்தது நல்ல வழிதான். பத்தாம் இடத்தில் 7 உள்ளவை 70 முதல் 79 வரை பத்து. ஒன்றாம் இடத்தில் 7 உள்ளவை 17, 27 என்று 97 வரை ஒன்பது. ஆக 19. ஆப்ஷனிலும் 19 இருந்தது. டிக் அடித்துவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விட்டான். 77 இரண்டு பட்டியலிலும் உட்கார்ந்திருந்ததை அவன் பார்க்கவில்லை. விடை 18.

அந்த 19 அங்கே தற்செயலாக வரவில்லை. கேள்வி தயாரிப்பவர் முதலில் சரியான விடையை எழுதுவார். பிறகு பிள்ளைகள் எங்கெங்கே வழுக்குவார்கள் என்று யோசித்து, ஒவ்வொரு வழுக்கலும் போய் முடியும் எண்ணை ஒரு ஆப்ஷனாக வைப்பார். 77ஐ இருமுறை எண்ணியவருக்கு 19. அதோடு 07ஐயும் சேர்த்துக்கொண்டவருக்கு 20. ஒரு பட்டியலோடு நின்றுவிட்டவருக்கு 10. நன்றாகத் தயாரித்த தாளில் நம் தவறான விடை ஆப்ஷனில் இருப்பதுதான் இயல்பு. இல்லாமல் போனால்தான் அதிர்ஷ்டம், ஏனென்றால் அப்போதாவது திரும்பிப் பார்ப்போம்.

இந்த வயதுப் பிள்ளைகள் எழுதும் போட்டிகள் பல. அமெரிக்காவின் ஏஎம்சி 8 தாளில் 40 நிமிடத்தில் 25 கேள்விகள். சென்னையிலிருந்து இயங்கும் ஏஎம்டிஐ என்ற கணித ஆசிரியர் சங்கம் நடத்தும் என்எம்டிசி தேர்வில் ஏழு, எட்டாம் வகுப்புக்கு கப்ரேகர் பெயரிலும், ஒன்பது, பத்தாம் வகுப்புக்கு பாஸ்கரா பெயரிலும் தனித்தனித் தாள்கள் உண்டு. எட்டாம் வகுப்பிலிருந்து, இந்தியாவில் கணித ஒலிம்பியாடுக்கான முதல் கட்டத் தேர்வான ஐஓக்யூஎம் எழுதலாம். இவற்றின் ஆரம்பக் கேள்விகள் பெரும்பாலும் பள்ளிப் பாடத்துக்குள்ளேதான் இருக்கின்றன. அப்படியிருந்தும் வகுப்பில் நூற்றுக்கு நூறு வாங்கும் பிள்ளை இங்கே பாதியில் நிற்கிறது. காரணம் எளிது. பள்ளிப் புத்தகத்தில் 'சதவீதம்' என்ற பாடத்தின் கீழ் வரும் கணக்கு சதவீதக் கணக்குதான். எந்த வழியில் போட வேண்டும் என்று தலைப்பே சொல்லிவிடுகிறது. போட்டித் தாளில் தலைப்பு கிடையாது, கேள்வியின் சொற்கள் மட்டும்தான் துணை. நம் பிள்ளைகள் எண்களை மட்டும் பொறுக்கிக்கொண்டு சொற்களை விட்டுவிடுகிறார்கள்.

ஓர் உதாரணம். அண்ணன், தம்பி வயதுகளின் கூடுதல் 26. நான்கு ஆண்டுகளுக்கு முன் அண்ணன் வயது தம்பி வயதைப் போல் இரு மடங்கு எனில், இன்னும் ஐந்து ஆண்டுகள் கழித்து அண்ணனின் வயது என்ன? நான்கு ஆண்டுகளுக்கு முன் கூடுதல் 18, எனவே அண்ணன் 12, தம்பி 6. இன்று 16, 10. இங்கேயே பாதிப் பேர் 16ஐ அடித்துவிட்டு எழுந்துவிடுவார்கள். கேட்டது 21. தமிழில் எழுதிய கணக்குக்கு இதில் ஒரு வசதி உண்டு: 'எனில்' வரும் கணக்குகளில், கேட்பது என்ன என்பது பெரும்பாலும் அந்தச் சொல்லுக்குப் பிறகுதான் வரும். நான் பிள்ளைகளிடம் அந்தப் பகுதியை முதலில் படித்து அடிக்கோடு போடச் சொல்வேன். தகவல்களைப் பிறகு படிக்கலாம். விடை எழுதும் முன் அந்த அடிக்கோட்டை ஒரு முறை பார்த்தால் போதும். ஐந்து விநாடி வேலை.

தமிழ்வழியில் படிப்பவர்கள் விழும் ஒரு குழியும் உண்டு. நம் பாடநூலில் 'முழு எண்கள்' என்றால் 0, 1, 2 என்று போகிறவை. 'முழுக்கள்' என்றால் குறை எண்களும் சேர்ந்தவை. 'இயல் எண்கள்' 1இல் தொடங்குகின்றன. பார்வைக்கு முதல் இரண்டும் ஒன்றுபோல இருப்பதால் வேகமாகப் படிக்கும் கண் ஏமாந்துவிடுகிறது. பெருக்கினாலும் கூட்டினாலும் ஒரே விடை தரும் இரண்டு இயல் எண்கள் எவை என்று கேட்டால் 2, 2 மட்டும்தான். முழுக்களில் கேட்டால் 0, 0 என்பதும் வந்து சேரும். "சோடிகள் எத்தனை?" என்று கேட்டிருந்தால் விடை 1ஆ 2ஆ என்பதை அந்த ஒரு சொல்தான் தீர்மானிக்கிறது. 'வெவ்வேறான', 'மிகை', 'குறைந்தபட்சம்' போன்றவையும் இதே சாதி.

'உறுதியாக' என்ற சொல்லுக்கு மட்டும் கொஞ்சம் நேரம் கொடுக்க வேண்டும். இருட்டறையில் ஒரு பெட்டி, அதில் 10 கறுப்பு, 10 வெள்ளைக் காலுறைகள். ஒரே நிறத்தில் இரண்டு உறுதியாகக் கிடைக்க எத்தனை எடுக்க வேண்டும்? மூன்று. ஆனால் 11 என்ற விடைதான் அதிகம் வரும். 11 என்பது வேறொரு கேள்வியின் விடை: இரண்டு நிறமும் கிடைக்க எத்தனை எடுக்க வேண்டும்? கறுப்பிலேயே ஒரு சோடி வேண்டுமென்றால் 12. ஒரே பெட்டி, மூன்று கேள்விகள், மூன்று விடைகள். நம் அதிர்ஷ்டம் எவ்வளவு மோசமாக இருந்தாலும் நடந்தே தீர வேண்டும் என்பதுதான் 'உறுதியாக'. ஆகவே எடுத்துக் கொடுப்பவர் நம் எதிரி என்று கற்பனை செய்துகொண்டு போட வேண்டும். இதைச் சொன்னதும் பிள்ளைகளுக்கு உற்சாகம் வந்துவிடும். உடனே பக்கத்தில் இருப்பவனை எதிரி ஆக்கிவிடுவார்கள்.

இனி எண்ணுதல். போட்டிக் கணக்கில் அதிக மதிப்பெண் போகும் இடம் இதுதான் என்பது என் அனுபவம், அதுவும் கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கு. 37 முதல் 112 வரை எத்தனை எண்கள்? 112இலிருந்து 37ஐக் கழித்தால் 75. முதல் எண்ணையும் சேர்த்தால் 76. இதைச் சொல்லிக் கொடுத்தால், "ஒன்று கூட்ட வேண்டும்" என்பதை மந்திரமாக மனப்பாடம் செய்துகொள்வார்கள். அடுத்த வாரம் அதே மந்திரம் கவிழ்க்கும். 60 மீட்டர் நேர்த்தெருவில் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை 5 மீட்டருக்கு ஒரு கம்பம் நட்டால் 13 கம்பங்கள். 60 மீட்டர் சுற்றளவுள்ள குளத்தைச் சுற்றி அதே இடைவெளியில் நட்டால் 12தான், ஏனென்றால் கடைசிக் கம்பம் வரவேண்டிய இடத்தில் முதல் கம்பம் ஏற்கெனவே நிற்கிறது. கூட்டுவதா வேண்டாமா என்று சந்தேகம் வந்தால் பெரிய எண்ணோடு மல்லுக்கட்டாதீர்கள். 10 மீட்டர் தெரு, 10 மீட்டர் குளம் என்று சின்னதாக்கி, தாளின் ஓரத்தில் புள்ளி வைத்து எண்ணிப் பாருங்கள். மூன்றும் இரண்டும் கண்ணுக்கே தெரிந்துவிடும்.

இலக்கங்கள் எல்லாம் வேறுபட்ட மூவிலக்க எண்கள் எத்தனை என்பதும் இந்த வகைதான். 10 × 9 × 8 = 720 என்பது அவசரம். 012 மூவிலக்க எண் ஆகாது. முதல் இடத்துக்கு 0 தவிர 9 வழிகள், இரண்டாவதற்கு 0 திரும்பி வருவதால் மறுபடி 9, மூன்றாவதற்கு 8. விடை 648. நிபந்தனை கடுமையான இடத்தை முதலில் நிரப்புவது நல்ல பழக்கம். கடைசியில் நிரப்பினால் தனித்தனி நிலைகளாகப் பிரிக்க வேண்டிவரும்.

நாலு படி பார்த்து ஐந்தாவதை ஊகிப்பது இன்னொரு நோய். வட்டத்தின் மேல் புள்ளிகள் வைத்து, எல்லாப் புள்ளிகளையும் நாண்களால் இணைத்தால் வட்டம் அதிகபட்சம் எத்தனை பகுதிகளாகும்? இரண்டு புள்ளிக்கு 2, மூன்றுக்கு 4, நான்குக்கு 8, ஐந்துக்கு 16. ஆறுக்கு 32 என்று எழுதாத பிள்ளையை நான் இன்னும் பார்க்கவில்லை. விடை 31. ஒழுங்கு அறுங்கோணமாக வைத்து வரைந்தவர்களுக்கு 30தான் வரும், மூன்று நாண்கள் மையத்தில் ஒரே புள்ளியில் வெட்டிக்கொள்வதால். எப்படி வரைந்தாலும் 32 வராது. கணித மேதை ஆய்லர் கவனித்த இன்னொன்று இதைவிடப் பொல்லாதது. அடுத்தடுத்த இரண்டு எண்களைப் பெருக்கி 41ஐக் கூட்டுங்கள். 0, 1க்கு 41. 1, 2க்கு 43. 2, 3க்கு 47. எல்லாம் பகா எண்கள். நாற்பது முறை தொடர்ந்து பகா எண்தான் வரும். அடுத்தது 40, 41. அங்கே 41 × 41 = 1681 வந்து உடைகிறது.

இதனால்தான் இரண்டாம் சுற்றில், விளக்கி எழுத வேண்டிய தாளில், "2, 3, 4 போட்டுப் பார்த்தேன், சரியாக வருகிறது" என்பதற்கு மதிப்பெண் கிடைப்பதில்லை. ஓர் எண்ணின் கனத்திலிருந்து அந்த எண்ணைக் கழித்தால் 6ஆல் வகுபடும் என்று நிறுவச் சொன்னால், அது அடுத்தடுத்த மூன்று எண்களின் பெருக்கல் என்று காட்ட வேண்டும். அவற்றில் குறைந்தது ஒன்று இரட்டை, ஒன்று 3இன் மடங்கு. 'அதிகபட்சம்' என்று கேட்டால் வேலை இரட்டிப்பு. 1 முதல் 10 வரை, எந்த இரண்டின் கூடுதலும் 11 ஆகாதபடி அதிகபட்சம் எத்தனை எண்கள் எடுக்கலாம்? 1, 2, 3, 4, 5 எடுத்துக் காட்டினால் பாதிதான் முடிந்தது. ஆறு ஏன் முடியாது என்பது மீதி: 1–10, 2–9 என்று ஐந்து சோடிகள், ஆறு எடுத்தால் ஒரு சோடி முழுதாக மாட்டிக்கொள்ளும்.

வடிவியலில் ஒன்றே ஒன்று. படத்தை நம்பாதீர்கள், படம் இல்லாவிட்டால் நீங்கள் வரைந்ததையும் நம்பாதீர்கள். இருசமபக்க முக்கோணத்தின் இரு பக்கங்கள் 4, 9 எனில் சுற்றளவு? 17, 22 இரண்டும் ஆப்ஷனில் இருக்கும். 4, 4, 9 என்று மூன்று குச்சிகளை எடுத்து முக்கோணம் செய்ய முயன்றால் முனைகள் தொடாது. 22 மட்டும்தான். ஆனால் பக்கங்களைச் சொல்லாமல், ஓர் இருசமபக்க முக்கோணத்தின் ஒரு கோணம் 70° என்று மட்டும் சொல்லியிருந்தால் உச்சிக்கோணம் 70° ஆகவும் இருக்கலாம், 40° ஆகவும் இருக்கலாம். ஒரு நிலையை எப்போது தள்ள வேண்டும், எப்போது இரண்டையும் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது போட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

பழைய கைகாரத் திருடர்கள் சிலரைப் பெயர் சொல்லிவிட்டு நகர்கிறேன். போகும்போது மணிக்கு 4 கி.மீ., திரும்பும்போது 6 கி.மீ. என்றால் சராசரி வேகம் 5 அல்ல, 4.8. விலையை 20% ஏற்றி 20% இறக்கினால் பழைய விலை வராது, 4% குறைந்திருக்கும். ஓர் எண்ணின் வர்க்கம் அந்த எண்ணைப் போல் ஐந்து மடங்கு என்றால், இருபுறமும் அந்த எண்ணால் வகுத்து 5 மட்டும் எழுதுபவர் 0ஐத் தொலைத்துவிட்டார்.

தெரியாத கேள்விக்கு ஊகித்து எழுதலாமா என்பதும் ஒரு கணக்குதான். ஏஎம்சி 8இல் தவறான விடைக்குக் கழிவு இல்லை, எனவே ஒரு வட்டம்கூடக் காலியாக இருக்கக்கூடாது. அதற்கு அடுத்த நிலைத் தேர்வான ஏஎம்சி 10இல் சரியான விடைக்கு 6, காலியாக விட்டால் 1.5, தவறுக்கு 0. ஐந்து ஆப்ஷனில் கண்ணை மூடி அடித்தால் சராசரியாக 1.2, அதாவது நட்டம். ஒன்றைத் தள்ள முடிந்தால் 1.5, சமம். இரண்டைத் தள்ள முடிந்தால் 2, இப்போது அடிக்கலாம். ஐஓக்யூஎம் தாளில் ஆப்ஷனே இல்லை. விடை 00 முதல் 99 வரை ஒரு முழு எண், 7 வந்தால் 07 என்று நிரப்ப வேண்டும். இங்கே 124 வந்தால் எங்கேயோ தவறு என்று தாளே சொல்லிவிடும். அந்த உதவியைப் பலர் கவனிப்பதே இல்லை. ஆகவே போட்டிக்கு முன்தினம் சூத்திரப் பட்டியலைப் புரட்டுவதைவிட மதிப்பெண் விதியைப் படிப்பது மேல்.

வீட்டில் செய்யும் தவறு ஒன்று இருக்கிறது, அது பெரும்பாலும் பெற்றோருடையது. பிள்ளை பத்து நிமிடம் ஒரு கணக்கை முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தால் தாங்க முடியாமல் விடைப் பக்கத்தைத் திறந்து கொடுத்துவிடுகிறார்கள். தீர்வைப் படித்தால் எல்லாம் புரிந்ததுபோல் இருக்கும்; ஒரு வாரம் கழித்து அதே கணக்கைக் கொடுத்தால் கை நிற்கும். முறைத்துப் பார்க்கிற அந்த நேரம்தான் பயிற்சி. என் குழுவில் எல்லாரிடமும் ஒரு தவறு நோட்டு உண்டு. சரியான தீர்வை அதில் எழுதக் கூடாது. எந்தக் கணத்தில், என்ன நினைத்துத் தவறினோம் என்று ஒரே வரிதான்.

எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தியின் நோட்டில் முதல் பக்கத்தில் "77ஐ ரெண்டு தடவை எண்ணிட்டேன்" என்று இருந்தது. மூன்று வாரம் கழித்து, 1 முதல் 100 வரை 3 அல்லது 5ஆல் வகுபடும் எண்கள் எத்தனை என்று கொடுத்தேன். 33 என்று எழுதினாள், 20 என்று எழுதினாள், 53 என்று எழுதப் போன பேனா நின்றது. ஓரத்தில் சின்னதாக "15 தான் இங்க 77" என்று கிறுக்கிவிட்டு, 15இன் மடங்குகள் ஆறையும் கழித்து 47 என்று போட்டாள்.