கேரளத்தில் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு ஒரு குறிப்பு

சித்தூர், கொழிஞ்சாம்பாறை, மூணாறு பக்கம் வீட்டில் தமிழ் பேசிக்கொண்டு பள்ளியில் மலையாளத்திலோ இங்கிலீஷிலோ படிக்கிற பிள்ளை இருந்தால் இதைச் செய்து பாருங்கள். பள்ளிப் பாடப்புத்தகங்களைத் தயாரிக்கும் கேரள அரசு அமைப்பான எஸ்.சி.இ.ஆர்.டி. கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் புத்தகங்களைத் தமிழிலும் போடுகிறது, அவர்கள் இணையதளத்தில் இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். தமிழ்நாட்டுப் புத்தகம் வேண்டாம், பாடத்திட்டமே வேறு.

கேரளத்தின் தமிழ்ப் புத்தகத்தில் பள்ளிப் புத்தகத்தில் உள்ள அதே பாடம், அதே படம், அதே பயிற்சி என்பதால் இரண்டு புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்து, முதலில் தமிழில் ஒரு பக்கம் வாசித்து, படத்தில் விரல் வைத்துப் பிள்ளையையே விளக்கச் சொல்லுங்கள், அப்புறம் அதே பக்கத்தைப் பள்ளிப் புத்தகத்தில் வாசிக்கட்டும். விடையைப் பள்ளி மொழியில் எழுதினால் போதும்.

ஒன்று முக்கியம். 2024-ல் 1, 3, 5, 7, 9 வகுப்புகளுக்கும் 2025-ல் 2, 4, 6, 8, 10 வகுப்புகளுக்கும் புத்தகம் மாறிவிட்டது, அதனால் அண்ணன் அக்கா படித்த பழையது ஒத்துவராது.

டீச்சர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: பிள்ளை தமிழில் பதில் சொன்னால் தயவுசெய்து தடுக்காதீர்கள், பாடம் புரிந்துதான் சொல்கிறான், மலையாள வாக்கியத்தை அப்புறம் கூட உட்கார்ந்து அமைத்துக்கொள்ளலாம்.