விறகு அடுப்பும் பக்கத்து வீடும்: நாம் செய்யும் தவறுகள்

பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் வந்து நின்று, "உங்க அடுப்புப் புகை எங்க வீட்டுக்குள்ள வருதுங்க" என்று சொன்னால் முதலில் நமக்குக் கோபம்தான் வரும். நம் வீடு, நம் அடுப்பு, நாம் காசு கொடுத்து வாங்கிய விறகு. இதில் அவருக்கு என்ன? எனக்கும் அப்படித்தான் இருந்தது. குளிருக்காகச் சில ஆண்டுகள் வீட்டில் விறகு அடுப்பு வைத்திருந்தேன். பக்கத்து வீட்டு அம்மா இரண்டாவது முறை வந்து சொன்ன பிறகுதான் வெளியே போய் என் புகைபோக்கியைப் பார்த்தேன். அதிலிருந்து சாம்பல் நிறப் புகை தடித்து வந்து, மேலே போகாமல், அவர்கள் படுக்கையறை ஜன்னலை நோக்கிச் சரிந்துகொண்டிருந்தது. முதல் முறை சொன்னபோதே பார்த்திருக்க வேண்டும் என்று இன்றைக்கும் வருத்தம் உண்டு.

புகை என்றால் எரியாமல் போன விறகு. விறகு சூடாகும்போது அதிலிருந்து பலவகை வாயுக்கள் கிளம்புகின்றன. நாம் பார்க்கும் தீச்சுடர் பெரும்பாலும் அந்த வாயுக்கள் எரிவதுதான். அவை முழுதாக எரிய நல்ல சூடு வேண்டும், போதிய காற்று வேண்டும், அடுப்புக்குள்ளேயே எரிந்து முடியச் சற்று நேரம் வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் பாதி வெந்த வாயுக்கள் புகைபோக்கி வழியே ஏறி, குளிர்ந்து, மிக நுண்ணிய தார்த் துளிகளாகவும் கரித்தூளாகவும் மாறிவிடுகின்றன. ஆகவே பக்கத்து வீட்டில் புகை மணக்கிறது என்றால், நீங்கள் வாங்கிய விறகில் ஒரு பங்கு உங்களுக்குச் சூடு தராமலே வெளியேறிவிட்டது என்று பொருள்.

ஈர விறகு

எல்லாத் தவறுக்கும் தாய் இதுதான். புதிதாக வெட்டிய மரத்தின் எடையில் பாதி வரைக்கும் தண்ணீராக இருக்கலாம். நல்ல எரிவிறகில் ஈரம் 20 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். குளிர்ந்த தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர ஆகும் வெப்பத்தைப் போல ஐந்து மடங்குக்கு மேல், கொதிக்கும் தண்ணீரை ஆவியாக்க ஆகிறது. அந்த வெப்பம் முழுவதும் உங்கள் தீயிலிருந்துதான் போகிறது. தீயின் சூடு இறங்குகிறது, வாயுக்கள் பற்றுவதில்லை, புகை பெருகுகிறது. இங்கிலாந்தில் 2021 மே மாதத்திலிருந்து 2 கன மீட்டருக்குக் குறைவாக விற்கும் விறகில் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று சட்டமே போட்டார்கள். பிரச்சினையின் வேர் எங்கே என்று பார்த்துத்தான் அங்கே கை வைத்திருக்கிறார்கள்.

"ஆறு மாசமா கிடக்குது, காஞ்சிருக்கும்" என்று நினைப்பது இன்னொரு தவறு. பிளக்காத உருளைக் கட்டை வருடக்கணக்கில் கிடந்தாலும் உள்ளே ஈரமாகவே இருக்கும், ஏனென்றால் பட்டை ஈரத்தை வெளியே விடாது. வெட்டியவுடன் பிளந்து, தரையில் படாமல் சட்டத்தின் மேல் அடுக்கி, மேலே மட்டும் மூடி, பக்கங்களைக் காற்றுக்குத் திறந்து விட வேண்டும். மழைக்குப் பயந்து தார்ப்பாயால் முழுதாகச் சுற்றிக் கட்டினால் விறகு உள்ளேயே புழுங்கும். லேசான மரம் ஒரு கோடையில் காய்ந்துவிடலாம், அடர்த்தியான வைரக்கட்டைக்கு இரண்டு வருடம் வரை ஆகும்.

காய்ந்துவிட்டதா என்று பார்க்க, இரண்டு துண்டுகளை ஒன்றோடொன்று தட்டிப் பாருங்கள். காய்ந்தது கணீரென்று கேட்கும், ஈரமானது மந்தமாக ஒலிக்கும். காய்ந்த கட்டையின் முனைகளில் வெடிப்பு விட்டிருக்கும். எரியும்போது முனையில் நுரை தள்ளி "உஸ்" என்று சீறினால் அது ஈர விறகு, சந்தேகமே வேண்டாம். ஈரப்பதம் அளக்கும் சிறு கருவி வைத்திருப்பவர்களும் ஒன்றைத் தவறாகச் செய்கிறார்கள். கட்டையின் வெளிப்பக்கத்தில் ஊசியைக் குத்திவிட்டு 15 சதவீதம் காட்டுகிறது என்று மகிழ்கிறார்கள். வெளிப்பக்கம் எப்போதுமே சீக்கிரம் காயும். கட்டையை அப்போதே பிளந்து, புதிதாகத் தெரியும் உள்முகத்தில் அளக்க வேண்டும்.

இரவு முழுக்கப் புகைய விடுவது

விறகு நன்றாகக் காய்ந்திருந்தும் புகை வருகிறது என்றால், அடுத்துப் பார்க்க வேண்டியது காற்று வழி. படுக்கப் போகும் முன் அடுப்பு நிறையக் கட்டையைப் போட்டு, காற்றுத் துளையை இறுக மூடி, விடியும் வரை தணல் இருக்கட்டும் என்று விட்டுவிடுகிறோம். விறகு மிச்சம் என்று தோன்றும். உண்மையில் காற்றில்லாமல் விறகு எரிவதில்லை, வேகிறது. வேகும் விறகுதான் மிக அதிகமாகப் புகை விடும்.

இதைச் செய்யும் நேரமும் மிக மோசமான நேரம். தெளிந்த, காற்றசைவில்லாத குளிர் இரவில் தரை வேகமாகக் குளிர்ந்துவிடும். தரையை ஒட்டிய காற்றும் கூடவே குளிர்ந்து கனக்கும். அதற்கு மேலே சற்று வெதுவெதுப்பான காற்று மூடி போட்டதுபோல் நிற்கும். வழக்கமாக மேலே ஏறிக் கலைந்துபோக வேண்டிய புகை அந்த மூடிக்குக் கீழே மாட்டிக்கொள்கிறது, வீடுகளின் உயரத்திலேயே விடிய விடியத் தங்குகிறது. பள்ளத்தாக்கான இடம் என்றால் இன்னும் மோசம். அடுப்பு அதிகமாகப் புகைவதும், வானம் புகையை ஏற்க மறுப்பதும், பக்கத்து வீட்டில் குழந்தை தூங்குவதும் ஒரே நேரத்தில் நடக்கின்றன. இந்த ஒரு பழக்கத்தை விட்டாலே பக்கத்து வீட்டுச் சண்டையில் பெரும்பகுதி தீர்ந்துவிடும் என்பது என் எண்ணம். சிறிதளவு விறகைப் போட்டு, காற்றை நன்றாகத் திறந்து, சுறுசுறுப்பாக எரிய விட்டு, தீ தானாக அடங்கிய பின் போர்வையைப் போர்த்திக்கொண்டு படுப்பது நல்லது. வீட்டில் கதவு ஜன்னல் இடுக்குகளை அடைத்தால் சூடு விடியும் வரை ஓரளவு தங்கும்.

மூடி வைத்துப் புகைய விடுவதில் உங்கள் வீட்டுக்கே இரண்டு ஆபத்துகள் உண்டு. புகையிலுள்ள தார் புகைபோக்கியின் உள்சுவரில் படிந்து கெட்டியாகும். ஒரு நாள் தீ ஓங்கி எரியும்போது அது பற்றிக்கொண்டு புகைபோக்கியே எரியலாம். வருடத்துக்கு ஒரு முறையாவது சுத்தம் செய்யச் சொல்வது அதனால்தான். அடுத்தது கார்பன் மோனாக்சைடு. அதற்கு நிறமில்லை, மணமில்லை. அடுப்பு இருக்கும் வீட்டில் அதற்கான எச்சரிக்கை மணி இல்லாமல் ஒரு இரவும் தூங்கக் கூடாது.

பற்ற வைக்கும் முறை

பெரும்பாலோர் கீழே சுள்ளியும் மேலே பெரிய கட்டையும் வைத்துப் பற்ற வைக்கிறோம். கீழே எழும் தீயின் சூட்டில் மேல் கட்டை வேகத் தொடங்கி, பற்றிக்கொள்ளும் முன்பே புகை விடுகிறது. தலைகீழாக வைத்துப் பாருங்கள். அடியில் பெரிய கட்டைகள், அதன் மேல் சிறியவை, உச்சியில் சிராயும் சுள்ளியும் வைத்து மேலிருந்து பற்ற வையுங்கள். கீழிருந்து கிளம்பும் வாயு சுடரைக் கடந்துதான் மேலே போக வேண்டும், போகும்போதே எரிந்துவிடும். புகைபோக்கியும் சீக்கிரம் சூடாகி நன்றாக இழுக்கும். பழக இரண்டு மூன்று நாள் ஆகலாம்.

குப்பைத் தொட்டி அல்ல

வண்ணம் அடித்த பலகை, பிளைவுட், பளபளப்புக் காகிதம், பிளாஸ்டிக் எதுவும் அடுப்புக்குள் போகக் கூடாது. கரையான் அரிக்காமலிருக்க மருந்தேற்றிய பழைய மரம் மிக ஆபத்தானது. அதில் குரோமியம், செம்பு, ஆர்சனிக் கலந்திருக்கலாம். எரித்தால் ஆர்சனிக் காணாமல் போகாது, புகையிலும் சாம்பலிலும் இருக்கும். கடற்கரையில் ஒதுங்கிய கட்டை அழகாக எரியும், ஆனால் அதிலுள்ள உப்பு டையாக்சின் என்ற நச்சு உருவாக வழி செய்கிறது.

புகை தெரியவில்லை என்றால் மாசு இல்லையா?

அப்படிச் சொல்ல முடியாது. நுரையீரலின் ஆழம் வரை போகும் துகள்களை பிஎம் 2.5 என்கிறார்கள், அதாவது 2.5 மைக்ரோமீட்டரோ அதற்கும் குறைவோ குறுக்களவு உள்ளவை. தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கு. அவை தனித்தனியாகக் கண்ணுக்குத் தெரிவதே இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2021இல் இதற்கான அளவை இறுக்கியது: ஆண்டுச் சராசரி ஒரு கன மீட்டர் காற்றில் 5 மைக்ரோகிராம், ஒரு நாளுக்கு 15 மைக்ரோகிராம். நன்றாக எரியும் அடுப்பிலும் துகள் வரத்தான் செய்யும். புதிய அடுப்புகளுக்கு அமெரிக்காவில் 2020 முதல் உள்ள உச்சவரம்பு, பொதுவான சோதனை முறையில், மணிக்கு 2 கிராம். அதுவும் ஆய்வுக்கூடத்தில், அளந்து வைத்த விறகில் எடுத்த கணக்கு. "சான்றிதழ் பெற்ற அடுப்பு வாங்கிட்டேன், இனி எனக்குப் பொறுப்பில்லை" என்று இருந்துவிட முடியாது. அதே அடுப்பில் ஈர விறகைப் போட்டு மூடி வைத்தால் சான்றிதழ் உதவாது.

புகைபோக்கியை உயர்த்திவிட்டால் போதும் என்று நினைப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். உயரம் முக்கியம்தான். கூரையிலிருந்து வெளிவரும் இடத்துக்கு மேல் 3 அடியாவது இருக்க வேண்டும், 10 அடி தூரத்துக்குள் உள்ள எதைவிடவும் 2 அடி உயர்ந்திருக்க வேண்டும் என்ற கணக்கைப் பல இடங்களில் பின்பற்றுகிறார்கள். ஆனால் உயரம் புகையை வேறு இடத்துக்கு அனுப்புமே தவிரக் குறைக்காது.

"ஒரு வீட்டு அடுப்பால் ஊர்க் காற்றே கெட்டுவிடுமா?" என்று கேட்பார்கள். ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா மாநிலத்தில் லான்செஸ்டன் என்றொரு நகரம். 2001இல் அங்கே விறகு அடுப்புகளை மாற்ற உதவித்தொகை கொடுத்து, மக்களிடம் எடுத்துச் சொல்லி, ஒரு பெரும் முயற்சி எடுத்தார்கள். அடுப்புகள் குறையக் குறைய, குளிர்காலக் காற்றில் 10 மைக்ரோமீட்டர் வரையிலான துகள்களின் சராசரி 44 மைக்ரோகிராமிலிருந்து 27க்கு இறங்கியது. ஒவ்வொரு வீடாகச் சேர்ந்துதான் அந்த 44 வந்திருந்தது, ஒவ்வொரு வீடாகத்தான் குறைந்தது.

புகையில் மாட்டிக்கொண்டவர் செய்யும் தவறுகள்

இதுவரை அடுப்புக்காரரைச் சொன்னேன். மூச்சு முட்டுபவர் பக்கமும் சில தவறுகள் உண்டு. முதல் தவறு, மாதக்கணக்கில் பொறுத்துக்கொண்டு, ஒரு நாள் பொங்கி எழுந்து போய்க் கத்துவது. அடுப்புக்காரருக்கோ அன்றுதான் விஷயமே தெரியும். முதல் நாளிலேயே, கோபமில்லாத நேரத்தில், குறிப்பாகச் சொல்லுங்கள். "புகை தாங்க முடியல" என்பதைவிட, "ராத்திரி பத்து மணிக்கு மேல புகை எங்க மாடி அறைக்குள்ள வருது, அங்கே ஆஸ்துமா உள்ள அப்பா படுத்திருக்கார்" என்பது நூறு மடங்கு மேல். அடுப்பை நிறுத்துங்கள் என்று தொடங்காதீர்கள். அந்த வீட்டில் குளிருக்கு வேறு வழியே இல்லாமல் இருக்கலாம்.

பேசியும் பயனில்லை என்றால்தான் உள்ளூர் நிர்வாகத்திடம் போக வேண்டும். அப்போது கையில் குறிப்பு இல்லாமல் போவது அடுத்த தவறு. தேதி, நேரம், காற்று எந்தப் பக்கம் வீசியது, எவ்வளவு நேரம் நீடித்தது, யாருக்கு என்ன தொந்தரவு என்று இரண்டு வாரம் எழுதி வையுங்கள். புகைபோக்கி தெரியும்படி ஒரு படம் எடுங்கள். துகள் அளக்கும் சிறு கருவி வைத்திருந்தால், அடுப்பு எரியாத நேரத்து அளவையும் சேர்த்துக் குறியுங்கள். மூடுபனியும் ஈரமும் மிகுந்த நாளில் விலை குறைந்த கருவிகள் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும், அந்த நாளை வைத்து வாதாட வேண்டாம்.

வீட்டுக்குள் புகை வந்ததும் ஜன்னலைத் திறப்பதும், வெளியேற்றும் மின்விசிறியைப் போடுவதும் இயல்பு. இரண்டும் தவறு. மின்விசிறி உள்காற்றை வெளியே தள்ளும்போது, அதற்கு ஈடாக வெளிப்புகை இடுக்கு வழியே உள்ளே வரும். புகை இருக்கும் வரை மூடி வைத்து, அடங்கியதும் நன்றாகத் திறந்து விடுங்கள். காற்றைச் சுத்தம் செய்யும் கருவியில் ஹெப்பா வடிகட்டி துகளைப் பிடிக்கும், வாயுவைப் பிடிக்காது. மணம் போக வேண்டுமென்றால் செயலூக்கிய கரி கொண்ட வடிகட்டியும் வேண்டும். வாசனைத் தெளிப்பான் அடித்தால் புகை போகாது, காற்றில் இன்னொரு இரசாயனம் சேரும்.

"வேற யாருமே சொல்லலையே"

அடுப்புக்காரர் சொல்லும் பதில்களில் இதுதான் எனக்கு மிகவும் வலிக்கிறது. புகை எல்லார் வீட்டுக்கும் சமமாகப் போவதில்லை. காற்றின் திசை, கூரையின் சரிவு, ஜன்னலின் உயரம் எல்லாம் சேர்ந்து ஒரே ஒரு வீட்டில் கொண்டுபோய்க் கொட்டும். மற்றவர்கள் சொல்லாதது, புகார் சொன்னவர் பொய் சொல்கிறார் என்பதற்குச் சாட்சி ஆகாது. "எங்க தாத்தா காலத்துல இருந்து எரிக்கிறோம்" என்பதும் அப்படித்தான். வீட்டுக்குள் விறகு முதலியவற்றை எரிப்பதால் வரும் புகையை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளவற்றின் பட்டியலில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வைத்திருக்கிறது. பழகிப்போனதால் அது பாதுகாப்பானதாகிவிடாது.

இன்று இரவே ஒன்றைச் செய்யலாம். அடுப்பைப் பற்ற வைத்து இருபது நிமிடம் கழித்து வெளியே போய் நில்லுங்கள். புகைபோக்கிக்கு மேல் சூட்டின் நடுக்கம் மட்டும் தெரிந்தால் தீ ஓரளவு நன்றாக எரிகிறது. அப்போதும் புகை தெரிந்தால் விறகையோ காற்று வழியையோ சரி செய்ய வேண்டும். அப்புறம் வேலி வரைக்கும் நடந்து, பக்கத்து வீட்டு ஜன்னல் பக்கமாக நின்று, மூச்சை இழுத்துப் பாருங்கள். மறுநாள் அவர்களைப் பார்க்கும்போது உங்கள் தொலைபேசி எண்ணைக் கொடுத்து, "புகை வந்தா எந்த நேரமானாலும் கூப்பிடுங்க, உடனே பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டு வாருங்கள்.